மூன்றாம் கம்பத்துக் கீச்சான்

அலோர் காஜா
18 டிசம்பர் 2024

திரு. தனபாலன் அவர்கள்
சிம்பாங் அம்பாட்

ஐயா,

பொருள்: பழுப்புக் கீச்சான், ஜப்பானியத் துணையினம் – தங்கள் பதிவு விண்ணப்பம்

தாங்கள் கடந்த நவம்பர் 9ஆம் நாள் அளித்த மேற்படி விண்ணப்பத்தை அலோர் காஜா பறவை நோக்கர் குழுவின் பதிவுகள் துணைக்குழு, டிசம்பர் 14ஆம் நாள் நடந்த கூட்டத்தில் பரிசீலித்தது.

2. சிம்பாங் அம்பாட் செம்பனைத் தோட்டத்தின் கிழக்கு எல்லையில், மூன்றாம் மின்கம்பத்தில் அமரும் பறவை பழுப்புக் கீச்சான் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அது ஜப்பானில் கூடு கட்டும் துணையினம் என்பது தங்கள் கூற்று. அவ்வாறாயின் அதன் தலையும் முதுகும் செம்மண் நிறத்தில் இருத்தல் வேண்டும். செயலாளராகிய நான் நவம்பர் 23, டிசம்பர் 7 ஆகிய இரு நாள்களில் நேரில் சென்று பார்த்தபோது, அதன் நிறம் மங்கிய பழுப்பாகவே இருந்தது. நெற்றியின் வெள்ளை சற்று அகலம் என்பது உண்மை. ஆயினும் நிறமே தீர்மானிக்கும் அடையாளம். எனவே அது சைபீரியாவில் கூடு கட்டி ஆண்டுதோறும் இங்கு ஏராளமாக வந்து சேரும் சாதாரணத் துணையினம் என்றே கொள்ள வேண்டியுள்ளது.

3. டிசம்பர் 9ஆம் நாள் தாங்கள் கூடுதலாக ஒப்படைத்த இதர தாள்கள் (எடைச்சீட்டுகள், எண்ணிக்கை 64) உரிய படிவத்தில் இல்லாமையால் கருத்தில் கொள்ளப்படவில்லை.

4. ஆகவே தங்கள் விண்ணப்பம் 'நிரூபிக்கப்படவில்லை' என்று முடிவு செய்யப்படுகிறது. மேல்முறையீடு செய்ய விரும்பினால், பார்த்த தொலைவு, வெளிச்சத்தின் திசை, அவ்வேளையில் தாங்கள் மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தீர்களா என்பன குறித்த சத்தியப் பிரமாணம் ஒன்றை இணைத்து அனுப்பவும்.

தங்கள் உண்மையுள்ள,
மஜீது
செயலாளர், பதிவுகள் துணைக்குழு


அலோர் காஜா
24 மார்ச் 2025

அன்புள்ள தனபாலன் அண்ணனுக்கு,

மஜீது எழுதுகிறேன். நீங்கள் குடிபோன கூலாயில் நீங்களும் மகள் பவானேஸ்வரியும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதக் காரணம், என்னிடம் நேரடித் தகவல் எதுவும் இல்லை. என் அலுவலக எழுத்தர் ஷகீலா உங்களுடன் அவ்வப்போது தொலைபேசியில் பேசுகிறாள் என்பது தெரியும். சென்ற வாரம் அவளிடம் விசாரித்தேன். "அங்கிள் நல்லா இருக்காரு சார். எல்லாரையும் கேட்டாரு. உங்கள மட்டும்தான் கேக்கல" என்று கோப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

இங்கு நானும் அஜீசாவும் இறைவன் அருளால் நலம். இன்று இருபத்து மூன்றாம் நோன்பு. மருத்துவர் இனிப்பைக் குறைக்கச் சொன்னார் என்பதை அஜீசா சட்டமாகவே நிறைவேற்றுகிறாள். நோன்பு திறக்கும்போது எனக்கு இரண்டு பேரீச்சம்பழம், அவளுக்கு ஐந்து. கேட்டால், தனக்கு மருத்துவர் ஒன்றும் சொல்லவில்லையாம். பிற்பகல்தோறும் மழை. ரமலான் சந்தை வந்ததிலிருந்து அலுவலகத்துக்கு முன்னால் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில்லை.

இதையெல்லாம் வாட்ஸாப்பிலேயே சொல்லியிருக்கலாம். ஜனவரி முதல் நான் அனுப்பிய ஒன்பது செய்திகளுக்கும், போய்ச் சேரவில்லை என்று காட்டும் ஒற்றைக் குறிதான் விழுந்திருக்கிறது. உங்கள் தொலைபேசி பழுதாகியிருக்கலாம், எண் மாறியிருக்கலாம், அல்லது நீங்கள் என்னைத் தடுத்து வைத்திருக்கலாம் என்று மூன்று விளக்கங்களை ஆராய்ந்தேன். முதல் இரண்டும் ஷகீலாவுக்குப் பொருந்தவில்லை. ஆகவேதான் இந்தக் கடிதம். எங்கள் வக்கீல் தொழிலில் இப்படிப்பட்ட கடிதங்களின் தலைப்பில் 'உரிமைக்குப் பாதகமின்றி' என்று எழுதுவது வழக்கம். அப்படி எழுதினால், உள்ளே ஒப்புக்கொண்டதை நாளை எவரும் சான்றாகக் காட்ட முடியாது. இந்தக் கடிதத்தில் அந்தச் சொற்கள் இல்லை. நீங்கள் இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

மார்ச் 15, சனிக்கிழமை. சிரம்பானில் உறவினர் வீட்டில் விடியுமுன் சஹர் உணவு உண்டு, ஃபஜ்ர் தொழுது திரும்பிக்கொண்டிருந்தேன். காலை 7.50க்குச் சிம்பாங் அம்பாட் டோல் சாவடியில் அட்டையைத் தொடுவதற்காக என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன். தொட்டேன். தடுப்பு உயர்ந்தது. கண்ணாடி உயரவில்லை. பொத்தானை அழுத்தினேன், இழுத்தேன், பிஸ்மில்லாவும் சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. குருபோங்கில் நான் வழக்கமாகப் போகும் பட்டறை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். திறந்த கண்ணாடியோடு நெடுஞ்சாலையில் நிற்பதைவிட, தோட்டத்து எல்லையில் போய் நிற்கலாம் என்று வண்டியைத் திருப்பினேன். நம்முடைய மூன்றாம் கம்பத்துக்கு நேர் எதிரே நிறுத்தி, கண்ணாடி திறந்திருப்பதால் ஏர்கோனையும் நிறுத்தினேன்.

பறவை கம்பத்தில் இருந்தது. தொலைநோக்கியை உயர்த்தினேன்.

அண்ணே, அது செம்மண் நிறம்தான். மழை பெய்து ஓய்ந்த பிறகு தோட்டத்துச் சாலை இருக்குமே, அந்த நிறம். தலை, பிடரி, முதுகு எல்லாம் ஒரே சிவப்பு. நெற்றியிலிருந்து கண்ணுக்கு மேலாக அகலமான வெள்ளைப் பட்டை. நூலில் இருக்கும் ஓவியத்தை வெட்டியெடுத்துக் கம்பத்தில் ஒட்டியது போல உட்கார்ந்திருந்தது.

என் முதல் எண்ணம், இது வேறு பறவை என்பதாக இருந்தது. இரண்டாவது, வலசை கிளம்புமுன் இறகுகளைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் என்பது. என்னை நீங்கள் அறிவீர்கள். தப்பிக்க வழியிருந்தால் அதை முதலில் தேடுவேன். மூன்றாவது எண்ணம் வரச் சிறிது நேரமானது. நான் இறங்கிப் பின் இருக்கைக்குப் போனேன். அங்கே கண்ணாடி ஏற்றியபடியே இருந்தது. அதன் வழியே பார்த்தேன். மங்கிய பழுப்பு. முன் இருக்கைக்கு வந்து திறந்த வழியே பார்த்தேன். சிவப்பு. மறுபடி பின்னால். பழுப்பு. புதுப்பித்த இறகு அரை நிமிடத்தில் பழையதாகி, அடுத்த அரை நிமிடத்தில் மீண்டும் புதிதாகாது.

என் வண்டியின் நான்கு கண்ணாடிகளிலும் வெயிலை மட்டுப்படுத்தும் ஒரே டிண்டட் கருந்தாள்தான் ஒட்டியிருக்கிறது. அனுமதிக்கப்பட்ட அளவுதான், ரசீது இருக்கிறது. ஆனால் அது சாலைப் போக்குவரத்துக்கான அனுமதி. பறவை பார்ப்பதற்கு அல்ல.

சோதனையைப் பன்னிரண்டு முறை செய்தேன். ஒவ்வொரு முறையும் நேரத்தோடு குறித்தேன். ஏழாவது முறை முன்னால் வந்து உட்கார்ந்தபோது, ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு போகும் குஞ்சம்மா மோட்டார் சைக்கிளை நிறுத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னா லாயரு, முன்னாடி போறீங்க, பின்னாடி போறீங்க, உக்கார எடம் புடிக்கலையா? நோம்பு வச்சிக்கிட்டு தல சுத்துதுன்னா சொல்லுங்க, கிளினிக்குல வுட்டுட்டுப் போறேன்" என்றார். நான் விவரத்தை விளக்கினேன். அவர் கம்பத்தைப் பார்த்தார். தொலைநோக்கி கொடுத்தேன், வாங்கவில்லை. "இதுவா? இது செவலக் குருவிதானே. தனபாலன் அண்ணன் லோரிய நிறுத்திட்டு தெனம் பாக்குமே. ஏன் லாயரு, கலரு பாக்க வந்தவரு கருப்புக் கண்ணாடிய ஏத்திக்கிட்டா உக்காருவாரு?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. நமது சீதோஷ்ணத்தில் ஏர்கோன் குளிரில் இருந்த தொலைநோக்கியை வெளிக்காற்றில் நீட்டினால் உடனே ஆவி படிந்துவிடும். செம்பனை லோரிகள் கிளப்பும் தூசி என் மூக்குக்கு ஆகாது. வண்டிக்குள் இருக்கும் மனிதனைக் கண்டு பறவை பயப்படாது. மூன்றும் நல்ல காரணங்கள். மூன்றையும் சொன்னேன். குஞ்சம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி லா" என்றார். அவர் பார்த்ததை எழுதிக் கையெழுத்து வாங்க முயன்றேன். ஆடு காத்திருக்கிறது என்று போய்விட்டார்.

இதன் விளைவுகள் சாதாரணமானவை அல்ல. பதினொரு ஆண்டுகளாக நான் அந்த வண்டிக்குள் உட்கார்ந்துதான் பறவை பார்த்திருக்கிறேன். என் பெயரில் உள்ள பதிவுகளில், நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்தவை நாற்பத்தொன்று. அவை அனைத்தையும் சென்ற வாரம் எழுத்து மூலம் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அலோர் காஜா வட்டாரத்துப் பறவைகள் பிற இடங்களை விட ஏன் சற்று மங்கலாக இருக்கின்றன என்று 2019இல் நான் குழுவின் மலரில் ஆறு பக்கக் கட்டுரை எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். செம்பனைத் தோட்டத்து உணவு காரணமாக இருக்கலாம் என்று ஊகித்திருந்தேன். அஜீசாவிடம் இதைச் சொன்னபோது அவள் சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்களைக்குப் போய்விட்டாள். நோன்பில் கோபப்படக் கூடாது என்பதால் நானும் சிரித்தேன்.

இனி முக்கியமான செய்தி. திறந்த கண்ணாடி வழியே எடுத்த பதினேழு படங்களை, ஜப்பானில் கீச்சான்களை ஆராயும் ஓர் அம்மையாருக்கு மின்னஞ்சல் செய்தேன். இரண்டே நாளில் பதில் வந்தது. ஐயத்துக்கு இடமில்லையாம், அவர்கள் நாட்டுப் பறவைதானாம்.

அந்தப் பதிலில் இன்னும் இருக்கிறது. பழுப்புக் கீச்சானின் ஒவ்வொரு துணையினமும் கூடு கட்ட வெவ்வேறு நிலத்துக்குப் போகிறது என்பது நாம் அறிந்ததே. மங்கிய பழுப்பு என்றால் சைபீரியா, மங்கோலியா. தலை சாம்பல் என்றால் கொரியாவும் கிழக்குச் சீனமும். செம்மண் நிறமும் அகலப் பட்டையும் என்றால் ஜப்பான், அதற்கு வடக்கே சக்கலின் தீவு. இங்கே எல்லாம் ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்த கம்பங்களில், வெவ்வேறு ஊர்க்காரர்கள் ஒரே நீதிமன்றத்துப் பெஞ்சில் உட்காருவது போல உட்கார்ந்திருக்கின்றன. பிறந்த ஊரின் அத்தாட்சி முதுகு நிறத்தில்தான் இருக்கிறது. ஜப்பானில் இந்தச் சிவப்புக் கீச்சான் கூடு கட்டும் புல்வெளிகள் சுருங்கி, பறவைகளும் மிகக் குறைந்துவிட்டனவாம். அங்கிருந்து கிளம்பும் ஒவ்வொன்றும் எங்கே குளிர்காலம் கழிக்கிறது என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லையாம். இது ஒவ்வோர் ஆண்டும் இதே கம்பத்துக்கு வருகிறதா, எந்த வாரம் வருகிறது, எந்த வாரம் போகிறது, யாராவது குறித்து வைத்திருக்கிறார்களா என்று அம்மையார் கேட்டிருந்தார்.

யார் குறித்து வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். உரிய படிவத்தில் இல்லை என்று நான் ஒதுக்கிய அறுபத்து நான்கு எடைச்சீட்டுகளும் ரப்பர் வளையம் போட்டபடி கோப்பிலேயே இருந்தன. ஷகீலா எடுத்துத் தந்தாள். சென்ற செவ்வாய்க்கிழமை கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, தேதி வாரியாக அடுக்கிப் படித்தேன். ஒருபக்கம் உங்கள் லோரியில் வந்த பழக்குலைகளுக்கு ஆலையின் எடைமேடை அச்சிட்ட எடை. மறுபக்கம் உங்கள் கையெழுத்து. மூன்று வலசைப் பருவம், பெரும்பாலும் ஒரு வாரம்கூட விடுபடவில்லை.

"6.10.22. வந்துட்டான். மூணாங் கம்பம். செம்மண் கலரு. நெத்தியில பட்டை போட்டவன்."

"17.4.23. நாலு நாளா காணோம். கிளம்பிட்டான் போல. நல்லபடியா போய் சேரணும்."

"3.10.23. அதே கம்பம். போன வருசம் மாதிரியே தட்டான்பூச்சிய முள்ளுல குத்தி வச்சி சாப்புடுறான். வேற ஆளா இருக்க முடியாது."

என் முப்பதாண்டு தொழிலில் இதைவிடச் சுத்தமான சாட்சியக் குறிப்பை நான் பார்த்ததில்லை. அப்படியே படித்துக்கொண்டு போனபோது, கடைசியில் இரண்டு சீட்டுகள் இருந்தன.

"23.11.24. பாய் வந்தாரு. கண்ணாடிய எறக்கல."

"7.12.24. பாய் திரும்ப வந்தாரு. இன்னிக்கும் எறக்கல. அவருக்குக் கலரு எப்படித் தெரியும்."

அண்ணே, அந்த இரண்டு சீட்டையும் தனியே எடுத்து மேசை மேல் வைத்தேன்.

டிசம்பர் 14 கூட்டத்தை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தேன். நான் உங்களிடம் தொலைவைக் கேட்டேன், வெயில் எந்தப் பக்கம் என்று கேட்டேன், மூக்குக்கண்ணாடி எந்த ஆண்டு மாற்றினீர்கள் என்று கேட்டேன். "என்ன பாய், நான் குருவியத் திருடிட்டேனா? கூண்டுல ஏத்தி வச்சிக் கேக்கிற மாதிரி கேக்கிறீங்க" என்று நீங்கள் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு ஒரு கேள்வி கேட்டேன். நீங்கள் எந்த வகுப்பு வரை படித்தீர்கள் என்று, ஒன்பது பேருக்கு முன்னால் கேட்டேன். நீங்கள் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு என்றீர்கள். அந்தக் கேள்விக்கும் பறவையின் நிறத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. என் எதிர்த்தரப்பு வக்கீல் அப்படிக் கேட்டிருந்தால் நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்று ஆட்சேபித்திருப்பேன். அன்று ஆட்சேபிக்க உங்கள் பக்கம் யாரும் இல்லை. அங்கு இருந்த ஒரே வக்கீல் நான்தான்.

கடைசியாக, நிறத்தைப் பற்றி நான் சொன்னதை மறுக்க உங்களிடம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். நீங்கள், "இல்ல பாய். நீங்க சொன்னா சரி" என்றீர்கள். விண்ணப்பதாரர் ஒப்புக்கொண்டார் என்று நான் நடவடிக்கைக் குறிப்பில் எழுதினேன். அப்படிக் கேட்ட என்னை நீங்கள் ஒரே வாக்கியத்தால் வீழ்த்தியிருக்கலாம். 'பாய் கண்ணாடியை இறக்கவே இல்லை' என்று சொல்லியிருந்தால், ஒன்பது பேரும் ஒரு மாதத்துக்கு என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். நீங்கள் சொல்லவில்லை. நடவடிக்கைக் குறிப்பில் அந்த வரியை அடித்துவிட்டு, சரியானதை எழுதி, பக்கத்தில் கையொப்பமிட்டிருக்கிறேன்.

துணைக்குழு 22ஆம் தேதி மீண்டும் கூடியது. நான் செயலாளர் நாற்காலியிலிருந்து விலகி, சாட்சியாக மட்டும் அமர்ந்தேன். டோல் சாவடியிலிருந்து எடைச்சீட்டு வரை எல்லாவற்றையும், அந்த இரண்டு சீட்டுகள் உட்பட, சத்தமாகப் படித்தேன். நினைத்தபடியே சிரித்தார்கள். அது என் கணக்கில் சேர வேண்டிய சிரிப்பு. தாமதமாக வந்து சேர்ந்தது. உங்கள் பதிவு ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. மாவட்டப் பட்டியலில் ஜப்பானியத் துணையினத்துக்கு நேராகக் கண்டறிந்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் மட்டும் இருக்கிறது. என் பெயரையும் சேர்க்கலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன்.

ஜப்பானிய அம்மையாருக்கு உங்கள் பெயரையும் சீட்டுகளின் படங்களையும் அனுப்பிவிட்டேன். முன்கூட்டி உங்கள் சம்மதம் பெறவில்லை. ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கவும். தமிழில் உள்ள குறிப்புகளை மொழிபெயர்க்கும் பணியை ஷகீலா ஏற்றுக்கொண்டிருக்கிறாள். 'நெத்தியில பட்டை போட்டவன்' என்பதை எப்படி விளக்குவது என்று இரண்டு நாளாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அம்மையார் உங்களிடம் இன்னும் பல கேள்விகள் கேட்க வேண்டும் என்கிறார். அவற்றுக்கு என்னால் பதில் சொல்ல இயலாது. நான் சரியாகப் பார்த்தது இந்தப் பத்து நாள்தான். அதற்கு முன் பார்த்த இரண்டும் செல்லாதவை.

பறவை இன்று காலையும் கம்பத்தில் இருந்தது. உங்கள் சீட்டுகளின்படி, போன இரு முறையும் ஏப்ரல் இரண்டாம் வாரம் முடிந்ததும் காணாமல் போயிருக்கிறது. அதாவது நமக்கு இன்னும் மூன்று வாரம், அதிகம் போனால் சில நாள் கூட. தினமும் குறித்து வைக்கிறேன். ஆனால் என் குறிப்பில் தேதியும் நேரமும் வெப்பநிலையும்தான் வருகின்றன. நீங்கள் எழுதுவது போல எழுத வரவில்லை.

நோன்புப் பெருநாள் மார்ச் 31, திங்கட்கிழமை என்று நாட்காட்டி சொல்கிறது. பிறை தெரிந்த பிறகே உறுதி. பத்தொன்பது ஆண்டுகளாக அன்று பகல் உணவுக்கு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். கூலாயிலிருந்து மலாக்கா சென்ட்ரலுக்கு நேர்ப் பேருந்து இருப்பதாக ஷகீலா பார்த்துச் சொன்னாள். பேருந்து எத்தனை மணிக்கு வந்தாலும் நான் அங்கே இருப்பேன். பவானேஸ்வரியும் பிள்ளைகளும் உடன் வந்தால் அஜீசாவுக்கு இன்னும் மகிழ்ச்சி. பேரப்பிள்ளைகளில் பெரியவள் வந்தால் தொலைநோக்கி இன்னொன்று இருக்கிறது.

நேற்று அஜீசா எத்தனை பேருக்குச் சமைப்பது என்று கேட்டாள். தனபாலன் அண்ணன் வருகிறார் என்று சொன்னேன். வருவதாகச் சொன்னாரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எந்த ஆதாரமும் கையில் இல்லாமல் நான் உறுதியாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான் அண்ணே. அதைப் பொய்யாக்கிவிடாதீர்கள்.

உங்கள் தம்பி,
மஜீது